எட்டாவது சம்பளக் கவர்

கேள்வி: ஹட்டனில் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறேன். அம்மா தோட்ட வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில்தான் போறணை கட்டினேன். இப்போது ஏழு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். தீபாவளிக்கு உடுப்பும் போனஸும் கொடுக்கிறேன், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறேன், மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படமும் போடுகிறேன். ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று அடிக்கடி சொல்வேன். அப்படியிருந்தும் ஒரே வருஷத்தில் மூன்று பேர் நன்றியில்லாமல் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களிடமும் உற்சாகம் இல்லை. சொன்னால் செய்கிறார்கள், சொல்லாவிட்டால் நிற்கிறார்கள். நல்லவேளை, கல்லாவில் என் அக்கா மகள் (வயது 24) இருக்கிறாள். ஐந்து வருஷமாகக் கணக்கு எழுதுவது, சம்பளக் கவர் போடுவது எல்லாம் அவள்தான். வீட்டுப் பிள்ளை என்பதால் அவளுக்குச் சம்பளம் என்று தனியாக இல்லை. கல்யாணத்தை நான்தான் நடத்தப்போகிறேன். வேலையாட்களை உற்சாகமாக வைத்திருக்க இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பண்டாரவளைப் புடவைக்கடைக்காரரும் எழுதுகிறார், தலவாக்கலை ஹார்ட்வெயார் முதலாளியும் எழுதுகிறார். எல்லோரும் உடுப்பு கொடுத்திருக்கிறார்கள், கேக் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் நல்ல மனசைப் பாராட்டிக்கொண்டு நிற்காமல் நேராகக் கல்லாவுக்கு வருகிறேன்.

‘அவளுக்குச் சம்பளம் என்று தனியாக இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

மாதக் கடைசியை யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை காசை இரண்டு தரம் எண்ணுகிறாள், முற்பணம் வாங்கியவருக்குக் கழிக்கிறாள், கவரை ஒட்டிப் பெயர் எழுதுகிறாள். மாப் பிசைகிறவர், பாண் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக முச்சக்கர வண்டியில் போகிறவர், தட்டுக் கழுவுகிற அம்மா, ஏழு பேரும் அவள் கையால்தான் வாங்குகிறார்கள். அப்புறம் அவள் கல்லாவைப் பூட்டிச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ்ஸுக்குப் போகிறாள். போனுக்கு ரீலோட் போடவும் மாமாவிடம் கேட்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் வேண்டியிருக்கிற மற்றச் சாமான்களை யாரிடம் கேட்பாள்? உங்களிடம் கேட்டிருக்க மாட்டாள், நிச்சயம்.

ஏழு பேரும் இதை ஐந்து வருஷமாகப் பார்க்கிறார்கள். நீங்கள் ‘ஒரே குடும்பம்’ என்று சொல்லும்போதெல்லாம் அவர்களுடைய கண் கல்லாப் பக்கம்தான் போகும். குடும்பத்து ஆளுக்கே அங்கே என்ன கிடைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் சுவரில் யாருடைய படத்தை மாட்டினால் என்ன? வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. கொழும்புக்குப் போனவர்களை நன்றியில்லாதவர்கள் என்கிறீர்கள். புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்தாலும் மாதம் முடிந்தால் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தேடிப் போனது குற்றமா?

கல்யாணத்துக்கு வருவோம். நடத்துங்கள். நீங்கள் தாய்மாமன். அவள் உங்கள் கடை வாசலை ஒரு நாளும் மிதிக்காமல் இருந்திருந்தாலும் நடத்தித்தான் ஆக வேண்டும். இந்த விஷயத்தில் நான் பழைய ஆள், மாமன் சீர் எல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் அவளுடைய ஐந்து வருஷக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதிலேயே சேலையும் நகையும் வாங்கித் தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுவருவது சீர் ஆகாது. அவள் காசை அவளுக்கே கொடுத்துவிட்டுப் பெயர் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். சொல்ல மாட்டார். தம்பியிடம் போய் மகளுக்குக் கூலி கேட்கிற அக்காவை நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. நம் தோட்டங்களில் கொழுந்து பறித்தது பெண்கள், சம்பள நாளில் வரிசையில் நின்று அதை வாங்கியது பல வீடுகளில் ஆண்கள். கேட்காமல் இருந்தே பழகிய பெண்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனிக் கணக்கு. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். ஊழியர் பங்கு 8 வீதம், 2,400. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் கட்ட வேண்டிய 3 வீதம், 900. இந்தக் கணக்குக்கு மாதம் 6,900 ரூபாய் அவள் பெயரில் சேர வேண்டும், ஊழியர் பங்கு கழித்த சம்பளம் வேறு. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் 50 வயது வரை காத்திருக்காமல் தன் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மணவறைக்குப் போகும்போது அவள் பெயரில் அவளுடைய சொந்தக் காசு இருந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் சேமலாப நிதி உங்கள் அம்மாவின் பேச்சில் மட்டும்தான் வருகிறது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு முறையாகக் கட்டிய பணம்தான் உங்கள் போறணை. அந்தப் போறணையில் வேகிற பாணுக்குப் பாடுபடுகிற ஏழு பேருக்கு நீங்கள் கட்டுகிறீர்களா? கட்டுவதாக இருந்தால் கேக்குக்கு முன்னால் அதைத்தானே எழுதியிருப்பீர்கள்? ஒரே ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் வேறு ஏறும். தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போய்ப் பதியுங்கள், அவர்கள் தேடி வரும்வரை இருக்க வேண்டாம். விற்பனைக்கு நிற்கிறவர்களுக்குச் சட்டப்படி வாரத்தில் ஒன்றரை நாள் லீவு உண்டு. அது கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த மாதம் எட்டுக் கவர் போட வேண்டும். எட்டாவதில் நீங்களே அவள் பெயரை எழுதுங்கள். நியமனக் கடிதமும் கொடுங்கள். பழைய ஐந்து வருஷத்துக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, ஒரேயடியாக முடியாவிட்டால் தவணையாக, அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். உங்கள் பெயரோ அக்காவின் பெயரோ அந்தப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. அதன் பிறகு, இதே வேலையில் இருக்க விருப்பமா என்று அவளைக் கேளுங்கள். போகிறேன் என்றால் முகம் சுளிக்காமல் விடுங்கள். ஐந்து வருஷம் ஒரு பேக்கரியின் கணக்கைப் பிழையில்லாமல் பார்த்தவளுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைக்கும். அவள் போன பிறகு கல்லாவுக்கு ஓர் ஆள் வைக்க எவ்வளவு செலவாகிறது என்று உங்களுக்கும் தெரியவரும்.

ஏப்ரல் சீசனுக்கு எல்லோரையும் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷமும் போனீர்களாம், அக்கா மகள் கடையைப் பார்த்துக்கொண்டதால் ஒரு நாள் வியாபாரமும் கெடவில்லையாம். இந்த முறை போவதானால் கடையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.