கூஸ்கூஸ் சாலட் ஏன் களியாகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் கூஸ்கூஸ் அரைக்கிலோ வாங்கி, ரவையைப் போல வறுத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டுக் கிண்டினால் களியாகிவிட்டதாம். அடுத்த தடவை எப்படியோ தேற்றி, காய் கலந்து ஆபீசுக்குக் கொண்டுபோனால் மதியத்துக்குள் டப்பா முழுக்கத் தண்ணீர். கடைக்காரர் "இது ஃபாரின் சிறுதானியம்" என்று வேறு சொல்லியிருக்கிறார், கோதுமை ஒத்துக்கொள்ளாத மகளுக்குத் தரலாமா என்கிறார்.

மகளுக்குத் தராதீர்கள். கூஸ்கூஸ் சிறுதானியம் இல்லை, சுத்தமான கோதுமை. டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் ஈரம் தெளித்து உருட்டி, ஆவியில் வேகவைத்துக் காயவைப்பது மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கத்துப் பழக்கம். மகளுக்கு இதே சாலட்டைச் சாமையில் செய்யுங்கள், உதிரியாக வடித்தால் போதும்.

களியானதற்கும் இதுதான் காரணம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது, அதைத் திரும்ப வேகவைத்தால் வேறென்ன ஆகும்? ஒரு கப் கூஸ்கூஸில் கொஞ்சம் உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் பிசறி, ஒரு கப் கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தட்டுப்போட்டு மூடுங்கள், அடுப்பு வேண்டாம். ஐந்து நிமிஷம் கழித்து முள்கரண்டியால் உதிர்த்து, தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு, இதில் ஏமாறுபவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஜவ்வரிசி சைஸில் உருண்டை உருண்டையாக ஒன்று விற்கிறார்கள், அதன் பேரும் கூஸ்கூஸ்தான், ஆனால் அது பாஸ்தா ஜாதி. அதன்மேல் வெந்நீர் ஊற்றி மூடினால் நடுவில் கல்லாகவே இருக்கும். அதைப் பாஸ்தா மாதிரி நிறையத் தண்ணீரில் எட்டுப் பத்து நிமிஷம் வேகவைத்து வடிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ரவை சைஸா ஜவ்வரிசி சைஸா என்று முதலில் பாருங்கள்.

டப்பாவில் தண்ணீர் விட்டது காய்தான், பாவம் கூஸ்கூஸ் மேல் பழி. உப்புப் பட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விடும். பிஞ்சு வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பிழிந்துவிடுங்கள், தக்காளியில் விதையை வழித்தெடுங்கள். வெங்காயம், கேரட், புதினா, கொத்தமல்லி எல்லாம் உங்கள் இஷ்டம், பண்ருட்டி முந்திரி நாலு வறுத்துப் போட்டால் ருசியே வேறு. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் தனியாகக் குட்டி பாட்டிலில் போகட்டும், சாப்பிடும்போது கலந்தால் போதும். இந்தக் கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குக் கட்டியதை ஆபீஸ் மேசையில் வைக்காதீர்கள், போனவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இனி அந்தக் கடை விஷயம். தயவுசெய்து லூஸில் வாங்காதீர்கள். வெளிநாட்டு மூட்டையைப் பிரித்துக் கண்ணாடிக் கவரில் போட்டு, தேதி இல்லாமல், இறக்குமதி செய்தவர் பேர் இல்லாமல், டூரிஸ்ட் விலைக்கு விற்கிறார்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நானும் ஒருமுறை புகார் சொல்லப் போனேன், பில் எங்கே என்றார்கள். பில் கொடுக்கிற கடையாக இருந்தால் நான் ஏனய்யா புகார் சொல்லப் போகிறேன்? அந்த உரிம எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் அச்சடிக்கிறார்கள். இன்னொரு கூத்து, மளிகைக் கடையில் பேரைச் சொன்னால் கசகசாவை எடுத்து நீட்டுகிறார்கள், ஆன்லைனில் ஆர்டர் போட்டு அப்படி ஏமாந்தவர்களும் உண்டு.

மிச்சம் இருக்கிற உங்கள் பாக்கெட்டில் ரெண்டு ஸ்பூன் எடுத்து அதே அளவு வெந்நீர் விட்டு ஐந்து நிமிஷம் மூடிப் பாருங்கள். பூப்போல உதிர்ந்தால் கூஸ்கூஸ். கட்டியாகப் பசைபோல ஒட்டினால் உங்களுக்கு விற்றது சாதா ரவை, அதை உப்புமாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.