அப்பா நன்றாகத்தான் பேசுகிறார், கருவி மட்டும் 91 காட்டுகிறது

கேள்வி (மே 2021): அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. கொரோனா உறுதியாகி இன்று ஏழாம் நாள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரில் 91. ஆனால் நன்றாகப் பேசுகிறார், பத்து நொடி மூச்சை அடக்குகிறார். வாட்ஸ்அப்பில் வந்தபடி கற்பூரம், ஓமம், கிராம்பு முடிந்த துணியை முகரவைக்கிறோம். ஆவி, கபசுரக் குடிநீர், மூன்றாம் நாளிலிருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று ஒரு ஆடியோ சுற்றுகிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது? — கரூர் வாசகி

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன், அப்பாவையும் சேர்த்துவிட்டீர்கள். இங்கே எழுதுவது, இதே 91-ஐப் பார்த்துக்கொண்டு குடும்ப குரூப்பில் யோசனை கேட்கும் மற்ற வீடுகளுக்காக.

முதலில் அந்த ஆடியோ. 75-க்கு இறங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களில் பலரை டாக்டர்களான எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மைதான். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டால், 'பயந்துபோய் வீட்டிலேயே பார்த்தோம்' என்கிறார்கள். 91-இல் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு நடந்தே போகிறார்கள்.

'மூச்சு வாங்கவில்லையே' என்பதுதான் இந்த நோயில் ஆளை ஏமாற்றுவது. மூச்சுத் திணறலை மூளை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை வைத்தே உணர்கிறது. கொரோனா நுரையீரலில் அது வெளியேறிவிடும், ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். மனிதர் இட்லி சாப்பிட்டுக்கொண்டே 88-இல் இருப்பார். மூச்சடக்கும் சோதனை, ஸ்டான்ஃபோர்டு சொன்னதாக 2020 மார்ச்சில் கிளம்பியது. அந்தப் பல்கலைக்கழகமே மறுத்துவிட்டது, அது இன்னும் சுற்றுகிறது.

ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சைத் துடையுங்கள். கருவியை மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள். 94-க்குக் கீழே நின்றால் கிளம்புங்கள். 95, 96 இருந்தாலும், தெம்பாக இருப்பவரை வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு புள்ளி இறங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கட்டும், அது நிஜமாகவே உதவும்.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சண்டை போட எனக்கு நேரமில்லை. குடித்துக்கொண்டே கிளம்புங்கள்.

எனக்குக் கோபம் வந்தது மாத்திரையைப் படித்தபோதுதான். டெக்ஸாமெத்தசோன் நல்ல மருந்து. 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு வந்ததிலிருந்து நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் தெரியவில்லை. குரூப்பில் சுற்றும் மருந்துச் சீட்டில் அந்த வரியை யாரோ விட்டுவிட்டார்கள். சர்க்கரைக்காரருக்கு மூன்றாம் நாளே கொடுத்தால் சர்க்கரை எகிறும், கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கும் வழி திறக்கும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். எத்தனை, எந்த நாளிலிருந்து என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், நான் திட்டினாலும் பரவாயில்லை.

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியாக ஏறுவதால் காற்று அதிகம் போவதுபோல் தோன்றும். கருவியில் ஒரு புள்ளிகூட ஏறாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த முடிச்சை இன்றே அப்புறப்படுத்துங்கள். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரும்.