விடுதலை ஆன அண்ணன் ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை?

‘மனநோய் காரணமாக அண்ணன் குற்றவாளி அல்ல என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில்தான் இருக்கிறார். எப்போது விடுவார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் தண்டனைக் கைதி இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் என்ற கணக்கும் இல்லை; என்னைக் கேட்டால் இதில் கொடுமையே அதுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யின் 84-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 22-ஆவது பிரிவு, இவற்றின்படி மனநோய் காரணமாக விடுதலையானவரைப் பாதுகாப்பில் வைக்கவோ, ஜாமீன் உறுதி பெற்று உறவினரிடம் ஒப்படைக்கவோ குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 374-ஆவது பிரிவு வழி செய்கிறது.

இனி முடிவு மாநில அரசின் கையில். அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்தில்லை என்று மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியம் சான்று தந்தால், அதே பி.என்.எஸ்.எஸ். 377-இன் கீழ் அரசு விடுவிக்கலாம். அல்லது ஒரு நீதித்துறை அதிகாரி, இரண்டு மருத்துவர்கள் கொண்ட குழுவை விசாரிக்கச் சொல்லலாம்.

சான்று தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். 378-இன் கீழ் நீங்களே அரசுக்கு மனு போடலாம். ‘நன்றாகப் பார்த்துக்கொள்வோம்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ராத்திரி மாத்திரையை யார் கொடுப்பார், ஓ.பி.க்கு யார் கூட்டிப்போவார், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்று எழுதுங்கள். சொன்ன தேதியில் அதிகாரி முன் அவரை ஆஜர்படுத்தவும் உறுதி தர வேண்டும். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் ஹைகோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும்.