தெருவிழா முதல் பகுதி சபை வரை: காரைக்குடிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி நகராட்சியாக இருந்த காலத்தில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் தெரு நலச்சங்கத்துக்குச் செயலாளர், அதாவது கடிதம் எழுதுகிறவன். தெருவிழா, அனுமதி, குப்பை, ஊருணி, வார்டு விஷயங்களைக் கேளுங்கள். பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டெல்லாம் தாலுகா ஆபீஸ் வேலை. இங்கே வேண்டாம்.

கேள்வி (செக்காலை): அண்ணே, பொங்கலுக்கு எங்கள் தெருவில் கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் வைக்கிறோம். 200 பேர் வரலாம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: முதலில் தெரு யாருடையது என்று பாருங்கள் தம்பி. உட்தெரு என்றால் மாநகராட்சி. பஸ் போகிற ரோடு என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. அங்கே உறியடி ஆசையை விட்டுவிடுங்கள். உட்தெரு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு: தேதி, நேரம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, மைக் உண்டா இல்லையா, பொறுப்பாளர்கள் பெயர், செல்போன் எண். இன்னொன்று மாநகராட்சி ஆணையருக்கு.

இந்த இரண்டாவது கடிதத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது: உரிமம் பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டினால், மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், சேருகிற குப்பையையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு, லீவு என்று வந்தால் மூன்று வேலை நாள் ஒரு வாரமாக நீண்டுவிடும். மார்கழி பாதியிலேயே கொடுத்துவிடுங்கள்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்புக் குழாய் கட்டவே கட்டாதீர்கள். போலீஸ் வந்தால் முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான்.

உறியடிக் கம்பத்துக்கு ரோட்டைத் தோண்டாதீர்கள். குழியைத் தோண்டுகிறவர்கள் விழா முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடுவார்கள்; ஐப்பசி மழையில் அது பள்ளமாகி, யாராவது வண்டியோடு விழுவார்கள். பழைய தார் டிரம் இரண்டில் மணலை நிரப்பிச் சவுக்குக் கம்பத்தை நடுங்கள், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். ஜம்மென்று நிற்கும். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட வேண்டாம், அது மின்திருட்டு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள்.

கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்பது கணக்கில் வராது. இதை இன்றைக்கு நான் பல தடவை சொல்வேன்.

கேள்வி (சுப்பிரமணியபுரம்): விழாவுக்கு வாழ்த்து பேனர் வைக்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது. பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடுவதற்கு 20 அடி பேனர் எதற்கு? அந்தக் காசில் பரிசு வாங்குங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு நாங்கள் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். போன தடவை பேப்பர் கப்புக்கு அபராதம் என்று மிரட்டினார்கள். பேப்பர் கப்பும் தப்பா?

பதில்: தப்புதான் அம்மா. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் கப்பும் உண்டு, தண்ணீர் பாக்கெட்டும் உண்டு, பிளாஸ்டிக் கொடியும் உண்டு. கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய தோல் மாதிரி உரிந்து வரும். அதுதான் மாட்டு வயிற்றுக்குள் போகிறது.

எவர்சில்வர் டம்ளர் 300 இருந்தால் ஒரு பந்தல் தாங்கும். நம் ஊரில் எந்த வளவு வீட்டுப் பரணில் ஏறினாலும் விசேஷப் பாத்திரம் கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். கழுவ இரண்டு அண்டா, இரண்டு ஆள். கழுவிய தண்ணீர் ரோட்டில் ஓடாமல் வாளியில் பிடியுங்கள், வெயிலில் தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் வழுக்கி விழக் கூடாது. அன்னதானம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி (வைரவபுரம்): தெருவிழாக் கணக்கில் வருஷா வருஷம் சண்டை. வசூல் பண்ணினவரே செலவும் பண்ணுகிறார். கேட்டால் கோபம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கணக்குக்குச் சண்டையா? பர்மா வரைக்கும் போய்ப் பேரேடு எழுதின ஊர் இது. நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் யார் பானை முதலில் என்பதைக்கூடச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர் கிடையாது. உங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒரு புள்ளி, எல்லாருக்கும் ஒரே தொகை என்று வைத்துவிடுங்கள். கூடக் கொடுக்கிறவர் நன்கொடை என்று தனியாக எழுதட்டும். வசூல் ஒருவர், செலவு இன்னொருவர். விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்க ஐந்தொகையை, அதாவது வரவு செலவுச் சுருக்கத்தைத் தெருமுனையில் ஒட்டுங்கள், பந்தல்காரர் ரசீதோடு. கோபம் வருகிறவருக்கு வரட்டும்.

கேள்வி (கழனிவாசல்): பகுதி சபை என்கிறார்களே, அது என்ன? கிராம சபை மாதிரியா?

பதில்: அதே மாதிரிதான், நகரத்துக்கு. கிராம சபைக்கு வயது அதிகம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. நகரத்தில் அப்படி எதுவும் இல்லாமலே ஓடியது. 2022இல்தான் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். உங்கள் கவுன்சிலர்தான் வார்டு குழுவுக்குத் தலைவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பகுதி சபை கூட வேண்டும்.

இனி நடப்பைச் சொல்கிறேன். கோலப்போட்டிக்கு 200 பேர் வருகிற தெருவில் பகுதி சபைக்குப் பத்துப் பேர் வர மாட்டார்கள். வருகிற பத்திலும் பாதிப் பேர் கவுன்சிலரின் சொந்தக்காரர்கள். போகிறவர்களும் "தண்ணி வரல, லைட் எரியல" என்று புலம்பிவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறார்கள். புலம்பல் தீர்மானம் ஆகாது. "இன்ன தெரு, இன்ன கதவு எண்ணிலிருந்து இன்ன எண் வரை, வடிகால் அடைப்பு, தூர்வாரக் கோரித் தீர்மானம்" என்று எழுதி நீட்டுங்கள், கூட்டப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு வேலை நடக்கவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மான நகலைக் கேளுங்கள், "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்துக்குத்தான், விளக்கத்துக்கு இல்லை.

என் யோசனை: விழாவையும் சபையையும் முடிச்சுப் போடுங்கள். கோலப்போட்டிப் பரிசளிப்புக்கு முன்னால் அரை மணி நேரம் தெருக்கூட்டம் நடத்தி, அடுத்த பகுதி சபைக்கு என்ன மூன்று கோரிக்கை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பரிசுக்காகவாவது உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி (மாநகராட்சியோடு சேர்ந்த ஊராட்சியிலிருந்து): எங்களுக்கு இனி கிராம சபை உண்டா? நூறு நாள் வேலை?

பதில்: 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றுவட்டாரமும் உள்ளே வந்தது. ஊராட்சி போனால் கிராம சபையும் போய்விடும், பகுதி சபைதான். நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும். உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி (சென்னை, சொந்த ஊர் காரைக்குடி): இரண்டு தெருவுக்கு ஓடுகிற வீடு எங்களுடையது. வரி பாக்கியில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறக்கிறோம். நாங்கள் இல்லாத நேரம் பார்த்துப் பகுதி சபை கூடி, தெருமுனை ஊருணியைச் சுற்றி நடைபாதை போடத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஐயா காலத்தில் வெட்டிய ஊருணி. எங்களைக் கேட்க வேண்டாமா?

பதில்: ஆச்சி, மரியாதைக்குக் கேட்டிருக்கலாம். சட்டப்படி கேட்க வேண்டியதில்லை. சபை வாக்காளர்களுடையது, உங்கள் ஓட்டு சென்னையில் இருக்கிறது. இங்கேயும் ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள், கூடாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஓர் இடத்தில் வீடு இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார்.

குறுக்கே (அதே தெரு, வாடகைக்குக் குடியிருப்பவர்): சார், அந்த ஆச்சி வீட்டுப் பின்வாசல் கார் ஏறுகிற ராம்ப்தான் ஊருணிக்குப் போகிற வரத்துக்காலை அடைத்துக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் எங்கள் திண்ணைக்கு வருகிறது. அதைக் கேளுங்கள் முதலில்.

சென்னையிலிருந்து: ராம்ப் தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வாடகைக்கு வந்தவர்கள் ஊருணியில் குப்பை கொட்டியதை நாங்கள் சொல்லலாமா?

குறுக்கே (சிங்கப்பூர்): நாங்களும் இதே தெரு. எனக்கு இப்போது சிங்கப்பூர்க் குடியுரிமை. ஊருணிக்குப் பணம் தரத் தயார், ஆனால் எங்கள் பேச்சுக்கு மதிப்பு வேண்டும்.

பதில்: ஒவ்வொருவராக வாருங்கள். சிங்கப்பூர்த் தம்பி, இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ படிவம் கொடுத்துச் சொந்த ஊரில் வாக்காளர் ஆகலாம். குடியுரிமை மாறிவிட்டதால் உங்களுக்கு அது இல்லை.

ஆச்சி, உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று யோசியுங்கள். நாலு பக்க ஓட்டுக்கூரையும் உள்ளே சரிகிறது. மழைத்தண்ணீர் முற்றத்தில் விழுந்து, மூலைத் துளையில் இறங்கி, தெருக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகிறது. உங்கள் ஐயா ஊருணியை மட்டும் வெட்டவில்லை, இந்த வழி முழுவதையும் கட்டினார். கால்வாய் மேல் சிமென்ட்டைக் கொட்டி ராம்ப் போட்டால் அவர் வேலையில் பாதியை நாமே மூடுகிறோம். உங்கள் ராம்ப் மட்டுமில்லை, அந்தத் தெருவில் இருக்கிற எல்லா ராம்பும்தான். உடைக்கச் சொல்லவில்லை, கழற்றி மாட்டுகிற சிலாப் போடுங்கள், தூர்வாரும்போது தூக்கலாம்.

வாடகைத் தம்பி, உங்கள் ஓட்டு இந்த முகவரியில் இருந்தால் நீங்கள் முழு உறுப்பினர், வாடகை சொந்தம் என்ற வித்தியாசமே கிடையாது. ஆனால் வரத்துக்கால் அடைந்து கிடக்கும்போது நடைபாதைக்குத் தீர்மானம் போட்டீர்களே, தண்ணீர் வராத ஊருணியைச் சுற்றி எதைப் பார்க்க நடக்கப்போகிறீர்கள்? வரத்துக்கால் முதல் தீர்மானம், நடைபாதை இரண்டாவது. அதற்கும் முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை, அதாவது நிலப் பதிவேட்டைப் பாருங்கள்: ஊருணி புறம்போக்கா, கோயில் பெயரிலா, அறக்கட்டளைப் பெயரிலா. அதைப் பொறுத்து அனுமதி மாறும்.

பணம் தருகிறவர்களுக்கு வழி இருக்கிறது: நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கு, மீதி அரசு. சென்னையும் சிங்கப்பூரும் சேர்ந்து அந்தப் பங்கைக் கட்டுங்கள். என்ன வேலை என்பதை அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்லட்டும். கொசுக்கடி அவர்களுக்குத்தானே.

சென்னையிலிருந்து: அப்படியானால் பணம் மட்டும் நாங்கள், பேச்சு அவர்களா?

பதில்: ஆமாம் ஆச்சி. வீட்டைத் திறந்து குடிவாருங்கள், பேச்சும் உங்களுடையது. ராம்ப் சண்டை இத்தோடு போதும். பின்னால் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (முத்துப்பட்டினம்): செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, அதைச் சொல்லி வடிகால் வேலையை வேகப்படுத்தலாமா?

பதில்: 2014 முதல் இருப்பது தற்காலிகப் பட்டியல், இறுதிப் பட்டியல் இல்லை. பட்டியல் சாக்கடை தூர்வாராது. தீர்மானம் போடுங்கள்.

கேள்வி (டி.டி. நகர்): சிறிய பேனர் வைத்தால் பரவாயில்லையா?

பதில்: மேலே சுப்பிரமணியபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (செஞ்சை): தெருவிளக்கு ஒரு மாதமாக எரியவில்லை. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பதில்: போனில் சொன்னதற்கு முத்திரை வாங்கினீர்களா? கம்ப எண்ணோடு எழுதிக் கொடுங்கள். 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புப் பிரிவுக்கு 1100இல் பதிந்தால் மனு எண்ணாவது கிடைக்கும்.

கேள்வி (பர்மா காலனி): மஞ்சுவிரட்டு நடத்த விரும்புகிறோம். என்ன நடைமுறை?

பதில்: அது கலெக்டர் அலுவலகம், 2017 விதிகள், கால்நடை மருத்துவர், தடுப்பு வேலி. என் எல்லைக்குள் இல்லை. மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன சிறாவயல்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி சாலை): சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் நிகழ்ச்சியைத் தொடங்கலாமா?

பதில்: தொடங்குங்கள். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா நேரம் தவறாமைக்குப் பேர் போனது. அதே ஊரில் வெயிலில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி (நா. புதூர்): பேனர் துணியில் இருந்தால்…

பதில்: துணி, தகரம், தங்கத்தகடு எதுவானாலும் அனுமதி வேண்டும். பேனர் கேள்வி இதோடு சரி.

கேள்வி (செக்காலை): அண்ணே, எங்கள் கோலப்போட்டிக்கு நீங்களே நடுவராக வர முடியுமா?

பதில்: முடியாது தம்பி. அறுபது வீட்டில் மூன்று வீட்டுக்குப் பரிசு கொடுத்துவிட்டு மீதி ஐம்பத்தேழு வீட்டு வழியாக நான் தினமும் பால் வாங்கப் போக வேண்டும். வேறு வார்டிலிருந்து ஆள் பிடியுங்கள். கடிதத்தை மட்டும் நாளைக்குக் கொண்டுவாருங்கள், திருத்தித் தருகிறேன்.