மிரர் சேர்வரில் ஒரு டிஸ்க் சாகப்போகிறது: இப்பவே கழற்றவா?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸில் வேலை செய்யும் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் சேர்வரில் 2 டீபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, லினக்ஸில் மிரர் போட்டிருக்கிறது, ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும். செக்ரோல் (ஆட்களின் வேலைப் பதிவு), கொழுந்து நிறை, சம்பளம் எல்லாம் அதில்தான். ஒரு டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் 8 என்று இருந்தது, ஒரு கிழமைக்குள் 56 ஆகிவிட்டது. மிரர் இன்னும் இரண்டு யூ காட்டுகிறது, அதாவது இரண்டு டிஸ்க்கும் வேலையில் இருக்கிறது. 10ஆம் திகதி சம்பளம். இப்பவே கழற்றிப் புதிதைப் போடவா, சம்பளம் முடிந்து பார்க்கவா?"

தம்பி, இரண்டுமே வேண்டாம். தள்ளிப்போடவும் வேண்டாம், பழையதை முதலில் கழற்றவும் வேண்டாம். சேர்வரில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் ஒன்று சும்மா இருந்தால் புதிய டிஸ்க்கை மூன்றாவதாக மாட்டி, பிரதி முழுதாக ஏறிய பிறகு பழையதை அனுப்புங்கள். பெண்டிங் செக்டர் என்றால் டிஸ்க்கால் வாசிக்க முடியாமல் கிடக்கும் இடம், ஆனால் மற்ற இடமெல்லாம் அது இன்னும் ஒழுங்காகத்தான் வாசிக்கிறது. அதை இப்போதே கழற்றினால், புதியது நிரம்பும் வரைக்கும் ஒரே ஒரு பிரதிதான் கையில். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள், அப்படியென்றால் நல்லது என்று நினைக்கும் மற்றதும் அதே வயதுதான், அதன் மூலை முடுக்கெல்லாம் வாசிக்கப்படுவதும் அந்தச் சில மணித்தியாலத்தில்தான். அதனால் அதன் ஸ்மார்ட் அறிக்கையையும் இன்றைக்கே பாருங்கள். (சிஆர்சி பிழை, அதாவது தரவு கேபிளில் போய் வரும்போது ஏற்படும் பிழை, மட்டும் ஏறினால் அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஏறுவது பெண்டிங், அது டிஸ்க்கேதான்.)

எதையும் தொட முன் செக்ரோலையும் சம்பளத் தரவையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள். மிரர் இருக்கிறதே பேக்கப் எதற்கு என்று ஆபீஸில் கேட்பார்கள். இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஒரே செக்ரோலைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதுகிற மாதிரிதான் மிரர். ஒருவர் விழுந்தால் மற்றவர் இருக்கிறார், ஆனால் பெயரை அடித்துவிடச் சொன்னால் இருவருமே அடித்துவிடுவார்கள்.

புதியது வாங்கும்போது 2 டீபி என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். மொத்த செக்டர் எண்ணிக்கை பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் மிரர் ஏற்காமல் போகலாம். 4 டீபி வாங்கினாலும் சரி, மிச்சம் சும்மா கிடக்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள், நீளமாக எழுதும்போது அது படுத்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த வகை என்று தெரிய வந்து பெரிய சர்ச்சையானது. அவர்களின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர், அதாவது தடங்கள் படியாத வகை. கொழும்பில் யூனிட்டி பிளாசா பக்கம் மலிவாக செகண்ட் ஹேண்ட் கிடைக்கும், ஆனால் ஓடிய மணித்தியாலத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். 35,000 என்று இருந்தால் நாலு வருடம் ஓய்வே இல்லாமல் ஓடியது என்று அர்த்தம். பஸ்ஸில் கொண்டுவரும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூட்டைகளோடு போட வேண்டாம். மலை உயரத்துக்கு டிஸ்க் தாங்காது என்று சிலர் சொல்வார்கள், அதைக் கணக்கெடுக்காதீர்கள். சாதாரண டிஸ்க் 3,000 மீற்றர் வரை வேலை செய்யும், பீதுருதாலகாலை உச்சியே 2,524 மீற்றர்தான்.

இனி முக்கியமான இடம். ஆள் தவறான டிஸ்க்கைக் கழற்றினால் இந்த வேலையில் தரவு போய்விடும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே கூடாது, புதியதை மாட்டி பூட் பண்ணினால் அவை இடம் மாறலாம். ஸ்மார்ட் அறிக்கையில் சீரியல் நம்பர் இருக்கும், அதை எழுதிக்கொண்டு சேர்வரை நிறுத்தி மூடியைத் திறந்து, லேபிளில் அதே நம்பர் உள்ள டிஸ்க்கில் சிவப்பு டேப் ஒட்டி, போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு புதியதை மாட்டுங்கள். பூட் ஆனதும் எந்தப் பெயர் எந்த சீரியல் என்று திரும்பப் பாருங்கள்.

பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதிகளின் அமைப்பை, புதியதற்குப் பிரதி எடுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி முறை என்றால், எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஆருக்கு அடுத்து வருவது புதிய டிஸ்க், கடைசியில் வருவது நல்ல டிஸ்க். மாற்றிப் போட்டால் நல்லதன் பார்ட்டிஷன் அட்டவணை போய்விடும். அப்புறம் அதே கட்டளையில் பெரிய எழுத்து ஜி போட்டுப் புதியதற்குத் தனி அடையாளம் கொடுங்கள். மிரரை நடத்தும் எம்டிஆடம் கட்டளையில் முதலில் ஆட், பிறகு பழைய பார்ட்டிஷனுக்கு ரீப்ளேஸ், வித் என்று புதியதைக் காட்டினால் போதும். மிரர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டும். பழையதில் வாசிக்க முடியாத இடத்தை நல்லதிலிருந்து எடுத்துக்கொள்ளும், முடிந்ததும் பழையதைத் தானே பழுது என்று குறித்துவிடும்.

செக்கனுக்கு 150 எம்பி போனால் 2 டீபிக்கு நாலு மணித்தியாலம் அளவில் ஆகும், ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் கூட. ஞாயிறு காலையில் தொடங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேரம்தான் இடி, அதற்கு முன்னால் முடிந்துவிடும். யூபிஎஸ் பற்றரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று முதல் நாளே பாருங்கள். இடையில் கரண்ட் போனாலும் பயப்படாதீர்கள், திரும்ப ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ தொடரும்.

முடிந்தவுடன் கழற்ற அவசரப்பட வேண்டாம். சேர்வரை எழுப்பும் பூட் லோடர் சாகும் டிஸ்க்கில் மட்டும் இருந்தால் மறுநாள் காலை சேர்வர் எழும்பாது. நல்லதிலும் புதியதிலும் க்ரப் என்ற அந்த பூட் லோடரைப் போட்டுவிடுங்கள், சேர்வர் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆவது என்றால் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் பிரதி எடுங்கள், அது பெரும்பாலும் மிரருக்குள் இருக்காது. அதன் பிறகு எம்டிஆடமில் ரிமூவ், சேர்வரை நிறுத்தி சிவப்பு டேப் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்கள்.

சும்மா போர்ட் இல்லையென்றால் ஃபெயில், ரிமூவ், கழற்று, மாட்டு, ஆட் என்ற பழைய வழிதான். அப்போது பேக்கப் முந்தின நாளினதாக இருந்தால் போதாது, அன்று காலையினதாக இருக்க வேண்டும். வேலை தொடங்க முன் அந்த டிஸ்க்கே வெளியே விழுந்து ஒரு யூவும் அடிக்கோடும் தெரிந்தாலும் இதே வழி, அதைத் திரும்பச் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். மிரரில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எல்லாத் தரவும் முழுசாக இருக்கும், தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டை நம்பரும் சேமலாப நிதிக் கணக்கும் உட்பட. வொரண்டி இருந்தால் வேறொரு மெஷினில் மாட்டி முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் துளை போட்டுவிடலாம்.