ரிப்ளிக்குத் தெரிந்த வேலை

வணக்கம் சார்,

நானும் என் அறை நண்பனும் மூன்று வாரமாக ஒரே சண்டை. நான் ரிட்லி ஸ்காட் கட்சி, அவன் ஜேம்ஸ் கேமரூன் கட்சி. ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ‘பிளேட் ரன்னர்’ படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். நண்பன் விடாமல் சொன்னதால் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) படத்தைப் போட்டேன். பெரிய பெரிய துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் வந்து வாய்ச்சவடால் அடிக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

என் வாதம் இதுதான். அறிவியல் புனைவுக்கு உயிரே ஒரு கேள்விதான். மனிதன் யார், காலம் என்றால் என்ன, நமக்கு வெளியே என்ன இருக்கிறது என்கிற மாதிரி. துரத்தலும் சண்டையும் நுழைந்ததும் அந்தக் கேள்வி செத்துவிடுகிறது. ஸ்காட் யோசித்தார், கேமரூன் சுட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கேமரூன் வழியிலேயே போய் இந்த வகையைக் கெடுத்துவிட்டார்கள். ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறார்கள். அதில் என்ன புனைவு இருக்கிறது? இன்றைக்கு மிச்சம் இருப்பவர் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் ஒருவர்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

நீங்கள் படத்தை நிறுத்திய இடம்தான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. இன்னும் இருபது நிமிடம் பொறுத்திருந்தால், அந்தப் பெரிய துப்பாக்கிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

சிப்பாய்கள் காணாமல் போனவர்களைத் தேடி வேற்றுலக உயிரினங்களின் கூட்டுக்குள் இறங்குகிறார்கள். அந்தக் கூடு அணு உலையின் குளிரூட்டும் அமைப்புக்கு நேர் கீழே இருக்கிறது. இதை முதலில் கவனிப்பவள் கதாநாயகி ரிப்ளி. மேலே வண்டிக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள், இவர்கள் என்ன தோட்டா வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள். வெடிக்கும் முனை கொண்ட தோட்டா. அங்கே சுட்டால் குளிரூட்டி உடையும், உலை வெடிக்கும், எல்லாரும் காலி. உடனே உத்தரவு போகிறது. சார்ஜென்ட் ஒவ்வொருவரிடமும் போய்த் தோட்டா மேகசின்களை வாங்கிப் பைக்குள் போடுகிறார். இரண்டு பேர் மட்டும் திருட்டுத்தனமாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கப்புறம்தான் சுவர் அசைய ஆரம்பிக்கிறது.

அவ்வளவு ஆயுதத்தையும் அவ்வளவு சவடாலையும் கேமரூன் முக்கால் மணி நேரம் அடுக்கிக் காட்டியது இந்த இடத்துக்காகத்தான். வியட்நாம் போரை மனதில் வைத்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். எதிரியின் ஊரில், எதிரியின் வீட்டுக்குள், தன் ஆயுதமே தனக்கு ஆபத்தாகி நிற்கும் ஒரு படை. உங்கள் நண்பர் இந்தப் படத்தை எதற்காகக் கொண்டாடுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கொண்டாடுவது இதற்காக.

இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். நீங்கள் நிறுத்துவதற்கு முன்பே அது வந்துவிட்டது, கவனித்தீர்களா? படத்தின் தொடக்கத்தில் ரிப்ளியின் விண்கலப் பணி உரிமத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவள் சரக்குத் துறையில் சுமை தூக்கும் இயந்திரமான லோடரை ஓட்டிப் பிழைக்கிறாள். சிப்பாய்களோடு கப்பலில் போகும்போது எல்லாரும் வேலை செய்கிறார்கள், அவள் மட்டும் சும்மா நிற்கிறாள். நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்கிறாள். உனக்கு என்ன தெரியும் என்கிற தோரணையில் சார்ஜென்ட் பார்க்கிறார். அவள் அந்த இரண்டு கால் லோடருக்குள் ஏறிப் பட்டியை மாட்டுகிறாள், ஒரு பெரிய பெட்டியை அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிறாள், எங்கே வைக்கட்டும் என்கிறாள். சார்ஜென்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் போடும் வழக்கம் இருந்தபோது. என் மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பாதித் தூக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தவர் இந்தக் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தப் பொம்பளைக்கு வேல தெரியும்டா” என்றார். நாங்கள் சின்னப் பையன்கள், எப்போது பேய் வரும் என்று காத்திருந்தோம். கடைசியில் அந்த உயிரினங்களின் ராட்சத ராணி, ரிப்ளி காப்பாற்றிய சிறுமியைத் தேடித் தரைப் பலகைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, கதவு திறந்து ரிப்ளி லோடரோடு நடந்து வருகிறாள். மாமா தொடையில் ஓங்கி அறைந்தார். “நான் அப்பவே சொன்னேன்ல!”

அந்த இறுதிச் சண்டையில் அவள் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, தினக்கூலிக்கு ஓட்டிய இயந்திரம். ராணுவத்தின் ஆயுதம் எல்லாம் தீர்ந்துபோன இடத்தில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளியின் கைப்பழக்கம் நிற்கிறது. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. லோடரின் கை மேலே போகும் வேகத்தில் அது இருக்கிறது. கேமரூன் சினிமாவுக்கு வருவதற்கு முன் லாரி ஓட்டியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்த லோடர் முழு அளவில் செய்யப்பட்டது. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவருக்குப் பின்னால் ஒரு ஸ்டன்ட் கலைஞர் மறைந்து நின்று அதன் கைகால்களை இயக்கினார். அந்தக் கனம் திரையில் தெரிகிறது.

உங்கள் கட்சிக்காரரான ஸ்காட்டுக்கு வருகிறேன். ‘பிளேட் ரன்னர்’ யோசிக்கும் படம், சரி. அது எங்கே யோசிக்கிறது? நான்கு முறை பார்த்த உங்களுக்கு அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் மனப்பாடமாகவே இருக்கும். அது முழுக்கத் துரத்தலும் அடிதடியும்தான். செயற்கை மனிதன் ராய் பாட்டி சுவரைப் பிளந்து கையை விட்டு, வேட்டைக்காரன் டெக்கார்டின் இரண்டு விரல்களை ஒடிக்கிறான், கொல்லப்பட்ட தன் இரண்டு தோழிகளுக்காக ஒவ்வொன்றாக. செத்துக்கொண்டிருக்கும் தன் கை மடங்கிப் போகாமலிருக்க உள்ளங்கையில் ஆணியைக் குத்திக்கொள்கிறான். வேட்டையாடியவன் இப்போது மழையில் கட்டட விளிம்பில் தொங்குகிறான். பயத்தோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டுவிட்டு, அதே ஆணி குத்திய கையால் பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குகிறான். மழையில் கரையும் கண்ணீர் பற்றிய அந்தப் பிரபலமான பேச்சு இதற்கெல்லாம் பிறகு வருகிறது. மனிதன் யார் என்ற கேள்வியைக் கேட்டது அந்தப் பிடிதான். அந்தத் துரத்தலை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துப் பாருங்கள், நிற்காது.

‘பிளேட் ரன்னர்’ அமெரிக்காவில் வெளியான அதே 1982 ஜூன் 25 அன்றுதான் ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ படமும் வந்தது. இரண்டுமே அப்போது ஓடவில்லை. ‘தி திங்’ பார்த்திருக்கிறீர்களா? அண்டார்டிகாவில் ஒரு முகாம். யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் ஒரு உயிரி உள்ளே புகுந்துவிட்டது. யார் மனிதன் என்று தெரியாது. உங்கள் கேள்வியேதான். அதற்கு அந்தப் படம் கண்டுபிடிக்கும் வழியைப் பாருங்கள். அந்த உயிரியின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அப்படியானால் ஒவ்வொருவர் ரத்தத்தையும் ஒரு தட்டில் எடுத்து, காய்ச்சிய கம்பியால் தொட்டால் போதும். மனித ரத்தம் சும்மா பொசுங்கும், அதன் ரத்தம் துள்ளி ஓடும். நாற்காலியில் கட்டிப்போட்ட ஆட்கள், ஒரு கம்பி, வரிசையாகத் தட்டுகள். ஒரு கோட்பாட்டை இப்படி நெஞ்சு அடைக்கும்படி காட்டிய இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

அறிவியல் புனைவில் இயக்குநர் புதிதாக ஒரு விதியை உண்டாக்குகிறார். இந்த உலகத்தில் இது இப்படித்தான் நடக்கும் என்று. அந்த விதி ஒரு உடம்பில் வந்து மோத வேண்டும். ஆக்‌ஷன் என்று நான் சொல்வது அந்த மோதலைத்தான்.

‘ஃப்யூரி ரோட்’ பற்றி நீங்கள் எழுதியது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஜார்ஜ் மில்லர் மருத்துவம் படித்தவர், சிட்னியில் மருத்துவராக வேலை பார்த்தவர். சாலை விபத்துகளில் அடிபட்டு வந்த உடல்களைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் படத்தில் தண்ணீர், ரத்தம், தாய்ப்பால், கருப்பை எல்லாமே ஒருவனுடைய சொத்து. இந்த விதியை ஒருவரும் விளக்குவதில்லை. மேக்ஸின் முதுகில் அவனுடைய ரத்தப் பிரிவைப் பச்சை குத்துகிறார்கள். ஓ நெகட்டிவ், யாருக்கும் ஏற்றலாம். நோயாளி இளைஞன் நக்ஸுக்கு மேக்ஸின் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே போர் முழக்கம் கேட்கிறது. ஸ்டியரிங் சக்கரங்கள் கோயில் படையல் மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. அங்கே நக்ஸும் இன்னொருவனும் ஒரு சக்கரத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் மேக்ஸை வண்டியின் முகப்பில் கட்டி, ரத்தக் குழாயோடு போருக்குக் கிளம்புகிறார்கள். மதம், அரசியல், பொருளாதாரம் எல்லாம் இந்தச் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அப்புறம் கடைசிப் பகுதி. கதாநாயகி ஃப்யூரியோசா கத்திக்குத்துப் பட்டு மூச்சுத் திணறுகிறாள். நெஞ்சுக்குள் காற்று அடைத்துக்கொண்டது. மேக்ஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கத்தியால் அவள் விலாவில் ஒரு துளை போட்டுக் காற்றை வெளியேற்றுகிறான். அதன்பின் தன் கையிலிருந்து குழாய் போட்டு ரத்தம் கொடுக்கிறான். முதலில் பிடுங்கப்பட்ட ரத்தத்தை இப்போது அவனே கொடுக்கிறான். அப்போதுதான் தன் பெயரையே அவளிடம் சொல்கிறான். அவசர சிகிச்சை தெரிந்த ஒருவரால்தான் இந்தக் காட்சியை எழுத முடியும் என்று தோன்றுகிறது. நமீபியப் பாலைவனத்தில் எடுத்த சுமார் 480 மணி நேரப் பதிவிலிருந்து இந்த இரண்டு மணி நேரத்தைச் செதுக்கியவர் மில்லரின் மனைவி மார்கரெட் சிக்ஸல். ஆஸ்கரும் வாங்கினார். எத்தனை வேகமாக வெட்டினாலும் நம் கண் தடுமாறுவதில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியது எப்போதும் திரையின் நடுவில் இருக்கிறது.

நோலன் பற்றி எனக்கு இரண்டு மனம். ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் அந்தத் தண்ணீர்க் கோளில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம். மலை மாதிரி அலை வருகிறது, எஞ்சினில் தண்ணீர் புகுந்துவிட்டது, காத்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் விண்வெளி வீரன் கூப்பருடைய மகளின் வாழ்விலிருந்து கழிகிறது. திரும்பி வந்து 23 வருடச் செய்திகளை ஒரே மூச்சில் பார்த்து அவன் அழுவது அந்த அலையால்தான் நமக்கு வலிக்கிறது. இயற்பியலாளர் கிப் தோர்ன் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட விதி, ஒரு தகப்பனின் முகத்தில் வந்து விழுகிறது. ஆனால் ‘டெனெட்’ படத்தில் நேரம் பின்னோக்கி ஓடும் கார்களைப் பார்த்தபோது என் மூளை மட்டும்தான் வேலை செய்தது. யாருக்கு என்ன இழப்பு என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. இரண்டு முறை பார்த்தும் அப்படித்தான்.

உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஸ்காட்டின் உயிரினத்தை, ஹெச். ஆர். கீகர் வடிவமைத்த அந்தக் கனவுப் பிராணியை, கேமரூன் எறும்புப் புற்றாக்கினார். ராணி, முட்டை, காவலாளிகள் என்று எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அந்தப் பழைய பயம் திரும்பி வரவே இல்லை. இது பெரிய இழப்பு. ‘ஏலியன்ஸ்’ படத்திலிருந்து துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு மேகசின் பையை விட்டுவிட்ட எத்தனையோ படங்கள் வந்தன என்பதும் உண்மை. நகரங்கள் இடிகின்றன, யாருக்கும் எதுவும் போவதில்லை. அந்தக் கோபத்தில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

முதலில் ‘ஏலியன்ஸ்’ படத்தின் 1986இல் வெளியான வடிவத்தை முழுக்கப் பாருங்கள். சில மாதம் கழித்து, பிற்பாடு வெளியிட்ட நீளமான சிறப்புப் பதிப்பைப் பாருங்கள். அதில் தொடக்கத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. ரிப்ளி விண்வெளியில் 57 வருடம் உறக்கத்தில் இருந்துவிட்டாள். பதினொன்றாவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனவள். இப்போது அவளிடம் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறார்கள். அந்த மகள் 66 வயதில் இறந்துவிட்டாள். ரிப்ளி அந்தக் கிழவியின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். புகைப்படத்தில் இருப்பவர் வீவரின் சொந்த அம்மா. இதைப் பார்த்த பிறகு, அந்தச் சிறுமியைத் தேடி ரிப்ளி துப்பாக்கியையும் நெருப்புக் குழலையும் டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பும் காட்சிக்கு வாருங்கள். அவள் கைகளை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.