லேசரிடம் மாட்டிய நிலக்கரி

கேள்வி: நிலக்கரியில் லேசரைப் பாய்ச்சினால் அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று சில நொடிகளில் சொல்லிவிடலாமாமே? நிலக்கரி தீப்பிடித்துக்கொள்ளாதா?
– எண்ணூர் வாசகர்

பதில்: பிடிக்காது. ஒரு லேசர் துடிப்பு சில நானோநொடிதான் நீடிக்கும். அது படும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே துளியூண்டு நிலக்கரி மட்டும் ஆவியாகி, பத்தாயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் பிளாஸ்மாவாகி (எலக்ட்ரான்கள் பிரிந்த, மின்னூட்டமுள்ள வாயு), பளிச்சென்று மின்னிவிட்டு அணைந்துபோகும்.

அந்த ஒளியை நிறமாலையாக, அதாவது அலைநீளம் வாரியாகப் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தில் கோடு போட்டிருக்கும். கார்பனுக்கு 193.1, 247.9 நானோமீட்டர், இரண்டும் புற ஊதா. முதல் கோட்டைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே பெரிதும் விழுங்கிவிடுவதால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள். கோடு எவ்வளவு பிரகாசமோ, கார்பன் அவ்வளவு. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நிலவு மண்ணில் கந்தகத்தைக் கண்டதும் இதே முறையில்தான்.

ஆனால் நிலவில் காற்று இல்லை, எண்ணூரில் இருக்கிறது! காற்றிலுள்ள நைட்ரஜன், பிளாஸ்மாவில் இருக்கும் கார்பன் அணுக்களில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஜோடி 388 நானோமீட்டர் பக்கம் ஊதா நிறத்தில் ஒளிரும். இரண்டு கார்பன் அணுக்கள் தங்களுக்குள் சேர்ந்தால் 516 பக்கம் பச்சை. ஆக, 247.9 கோட்டை மட்டும் நம்பினால் கணக்கு குறையும். எவ்வளவு குறையும் என்பது நிலக்கரிக்கு நிலக்கரி மாறுவதுதான் பெரிய தலைவலி. போதாததற்கு அதே கோட்டை ஒட்டி இரும்பும் ஒரு கோடு வைத்திருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலும் அதிகம், அதில் இரும்பும் உண்டு. அதனால் கார்பனின் எல்லா ஒளிகளையும் சேர்த்துப் பார்த்து, புள்ளியியல் கணக்கால் சரிசெய்கிறார்கள்.

நான் அனல்மின் நிலைய ஆய்வகத்தில் உலையோடு காலம் தள்ளியவன், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்: ஆக்சிஜனில் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் பழைய முறை இல்லாமல் இந்த லேசருக்குப் பிழைப்பில்லை. அப்படி அளந்த சாம்பிள்களைக் காட்டித்தான் கருவியைப் பழக்க வேண்டும். நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் பழக்கிவிட்டு ஒடிசாவின் தால்சேர் நிலக்கரியைக் கொடுத்தால் தப்பாகத்தான் சொல்லும். அப்புறம், லேசர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பொடியாக்கி, வில்லையாக அழுத்திக் கொடுத்தால் நம்பலாம். கன்வேயர் பெல்ட்டில் கல்லும் ஈரமுமாக ஓடும்போது சந்தேகம்தான்.

வேகம் மட்டும் உண்மை. ஓடும் நிலக்கரியை அளக்க ஏற்கெனவே பெல்ட் மேல் வைக்கிற நியூட்ரான் கருவிகளில் பெரும்பாலும் கலிஃபோர்னியம்-252 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 2.6 ஆண்டுதான், பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். லேசரில் முக்கியமாகக் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் வரும் 'ஃபிக்ஸட் கார்பன்' இதே கார்பன்தானா?
– நெய்வேலி வாசகி

பதில்: இல்லை அம்மா. அது அளந்த எண்ணே கிடையாது. நூறிலிருந்து ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது. ஆவியாகும் பொருளை அளக்க, நிலக்கரிப் பொடியை மூடி போட்ட க்ரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) 900 டிகிரியில் 7 நிமிடம் வைப்போம். அப்போது தாராகவும் வாயுவாகவும் தப்பித்துப்போகிற கார்பன் இந்த எண்ணில் சேராது. உங்கள் ஊர் நிலக்கரியில் ஆவியாகும் பொருள் அதிகம், அதனால் வித்தியாசமும் பெரிது. லேசர் காட்டுவது மொத்தக் கார்பனை. 12 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அந்தக் கணக்குக்கு மொத்தக் கார்பனைத்தான் போட வேண்டும்.